மூன்று பெயர்களும் ஒரு சொற்றொகுதியும்: நாடுகடத்தப்பட்ட ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸின் வாழ்க்கைச் சுவடுகள்

1. முன்னுரை

பிரிட்டன் தன் குற்றவாளிகளைக் கடல் கடந்த குடியேற்றங்களுக்கு அனுப்பும் வழக்கத்தை 1718-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக நிலைப்படுத்தியது. அமெரிக்கக் குடியேற்றங்கள் விடுதலைப் போரில் இறங்கியதும் அந்த வழி அடைபட்டது. அதன்பின் தேர்ந்தெடுக்கப்பட்ட இடமே ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலுள்ள நியூ சௌத் வேல்ஸ் ஆகும். 1788 முதல் 1868 வரையிலான எண்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 1,60,000 ஆடவரும் பெண்டிரும் பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியக் குடியேற்றங்களுக்குத் தண்டனைக் கைதிகளாகக் கப்பலேற்றப்பட்டனர்.

இத்தண்டனையைக் குறிக்கத் தமிழில் 'தீவாந்தர சிட்சை' என்ற தொடர் வழங்கியது. பினாங்கு, சிங்கப்பூர், பின்னர் அந்தமான் ஆகிய இடங்களுக்கு இந்தியக் கைதிகள் அனுப்பப்பட்ட காலத்து வழக்கு அது. 1955-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி இத்தண்டனை இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து நீங்கி, ஆயுள் சிறையாக மாறியது. ஆஸ்திரேலியா தீவன்று, கண்டம். ஆதலின் இக்கட்டுரையில் 'நாடுகடத்தல்' என்ற பொதுச்சொல்லே கையாளப்படுகிறது.

நாடுகடத்தப்பட்டோருள் பெரும்பாலோர் தம்மைப் பற்றித் தாமே ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. நீதிமன்றப் பதிவு, கப்பற் பட்டியல், ஆள்கணக்கு ஆகிய அரசு ஆவணங்களில் மட்டுமே அவர்கள் வாழ்கின்றனர். இவ்வகையில் ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் ஒரு விதிவிலக்கு. அவரைப் பற்றி மூவகைச் சான்றுகள் உள்ளன: அரசு ஆவணங்கள், அவரே எழுதிய தன்வரலாறு, அவர் தொகுத்த கள்வர் மொழிச் சொற்றொகுதி. இம்மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்குகின்றன, எங்கே மறுக்கின்றன, பொய்யுரைத்தே வாழ்ந்த ஒருவர் சொற்களைப் பற்றித் தரும் சான்றினை மொழியியலார் எந்த அளவிற்கு நம்பலாம் என்பன இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

2. முதலிரு பயணங்கள்

வாக்ஸ் 1782-இல் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்துக் கிழக்குக் கிளாண்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஹார்டி வாக்ஸ், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் இல்லத்தில் பணியாளர் தலைவராக இருந்தவர்.  தாய்வழிப் பாட்டனாரிடம் வளர்ந்த சிறுவனுக்கு நல்ல கல்வியும் அழகிய கையெழுத்தும் வாய்த்தன. வாக்ஸின் வாழ்க்கை முழுவதையும் இக்கையெழுத்தே நடத்திச் சென்றது எனலாம். அவர் பெற்ற சலுகைகளும் செய்த மோசடிகளும் பெரும்பாலும் அதனால் விளைந்தவையே.

லிவர்ப்பூலில் துணிக்கடையொன்றில் தொழில் பயிலச் சேர்க்கப்பட்ட அவர் அங்கு நிலைக்கவில்லை. லண்டன் சென்று எழுத்தராகவும், பின்னர்ச் சிறிது காலம் கடற்படையிலும் இருந்து, சூதாட்டத்திலும் சில்லறைத் திருட்டிலும் இறங்கினார். 1800 செப்டம்பரில் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில், 11 பென்ஸ் மதிப்புள்ள கைக்குட்டை ஒன்றைத் திருடியதாக ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்றார். இங்கு 11 பென்ஸ் என்னும் மதிப்பு கருதத்தக்கது. ஒருவர் அறியாமல் அவர் உடலிலிருந்து ஒரு ஷில்லிங்கிற்கு, அதாவது 12 பென்ஸுக்கு, மேற்பட்ட பொருளைத் திருடுவது அன்று தூக்குத் தண்டனைக்குரிய குற்றமாகும். 1808-இல்தான் அச்சட்டம் நீக்கப்பட்டது. எனவே பொருளின் விலையைக் குறைத்து மதிப்பிட்டு உயிரைக் காப்பது அக்கால நீதிமன்றங்களில் பெருவழக்காக இருந்தது.

'மினோர்கா' என்னும் கப்பலில் 1801 டிசம்பரில் வாக்ஸ் சிட்னியை அடைந்தார். எழுதத் தெரிந்தோர் அருகியிருந்த அக்குடியேற்றத்தில் அவருக்கு ஹாக்ஸ்பரி ஆற்றங்கரைப் பண்டகசாலையில் எழுத்தர் பணி கிடைத்தது. ஆளுநர் பிலிப் கிட்லி கிங்கின் பெயர் முதலெழுத்துகளைப் பண்டகசாலை ஆணைச் சீட்டுகளில் பொய்யாக இட்டதனால் அப்பணி பறிபோய், சாலை போடும் கைதிக் குழுவில் சேர்க்கப்பட்டார். ஆயினும் மீண்டும் எழுத்தரானார். பாரமட்டாவில் பாதிரியாரும் குற்றவியல் நடுவருமான சாமுவேல் மார்ஸ்டனிடம் பணிபுரிந்தார். கையொப்பம் பொய்யாக்கப்பட்ட அதே ஆளுநர் கிங், 1807-இல் தாயகம் திரும்புகையில் 'பஃபலோ' கப்பலில் அவரைத் தம்முடன் அழைத்துச் சென்றார். நடுக்கடலில் தண்டனைக் காலம் முடிவடைந்தது. உடனே மாலுமியாகப் பெயர் பதியப்பட்ட வாக்ஸ், கப்பல் இங்கிலாந்தைச் சேர்ந்ததும் தப்பியோடினார்.

1808 ஜூலையில் லண்டனில் மேரி ஆன் தாமஸ் என்பவரை மணந்தார். ஏழு மாதங்களுக்குள், 1809 பிப்ரவரியில், நகைக்கடைத் திருட்டு வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது அவர் நீதிமன்றத்திற்குக் கொடுத்த பெயர் ஜேம்ஸ் லோ. லோ என்பது தாயின் குடும்பப் பெயர். தண்டனை வாழ்நாள் நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. 'ரிட்ரிபியூஷன்' என்னும் பழங்கப்பற் சிறையில் அடைக்கப்பட்டிருந்து, 'இந்தியன்' என்னும் கப்பலில் 1810 டிசம்பரில் மீண்டும் சிட்னி சேர்ந்தார். அடுத்த ஆண்டே, குடியேற்றத்தின் தலைமை நீதி அதிகாரியான எல்லிஸ் பெண்ட்டின் உடைமைகள் திருடப்பட்ட நிகழ்ச்சியில் அவருக்குப் பங்குண்டு எனக் கருதப்பட்டு, நியூகாசிலுக்கு அனுப்பப்பட்டார்.

3. நியூகாசிலும் சொற்றொகுதியும்

ஹண்டர் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள நியூகாசில், குடியேற்றத்திற்குள்ளேயே மீண்டும் குற்றம் புரிந்தோருக்காக 1804-இல் அமைக்கப்பட்ட தண்டனை இடமாகும். நிலக்கரி வெட்டுதல், கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பாக்குதல், தேவதாரு மரம் வெட்டுதல் என்பன அங்கிருந்த வேலைகள். இங்கு, கடும் உழைப்பின் இடைவேளைகளில், வாக்ஸ் 'ஃபிளாஷ்' எனப்படும் கள்வர் மொழியின் சொற்களைத் தொகுத்தார். 1812 ஜூலை நாளிட்ட அதன் காணிக்கையுரை அவ்விடத்துத் தலைமை அதிகாரியான தாமஸ் ஸ்காட்டோவை நோக்கியது. தொகுதி அவருக்குப் பொழுதுபோக்காக அமைவதோடு, வழக்கு விசாரிக்கும் பணியில் உதவியாகவும் இருக்கக்கூடும் என வாக்ஸ் அதில் குறிப்பிடுகிறார்.

இது வெறும் முகமன் அன்று. அங்கு இருந்த உண்மைத் தேவையைச் சுட்டுவது. 1788-இல் முதற் கப்பற்கூட்டத்துடன் வந்த கடற்படை அலுவலர் வாட்கின் டெஞ்ச், 1793-இல் வெளியிட்ட நூலில், குடியேற்றத்தின் தொடக்கக் கால நீதிமன்றங்களில் சாட்சி சொல்வதையும் குற்றஞ்சாட்டப்பட்டவர் மறுமொழியையும் விளங்கிக்கொள்ள மொழிபெயர்ப்பாளர் அடிக்கடி தேவைப்பட்டார் எனப் பதிவு செய்துள்ளார். நீதிபதியும் கைதியும் பேசியது ஆங்கிலமே. எனினும் இடையில் ஒருவர் நின்று மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. கைதிகளைத் திருத்த வேண்டுமாயின் முதலில் இம்மொழியை ஒழிக்க வேண்டும் என்பது டெஞ்ச்சின் கருத்து. ஒழிக்கப்பட வேண்டியதெனக் கருதப்பட்ட அம்மொழியைத்தான் வாக்ஸ் அகரவரிசையில் அடுக்கி அதிகாரியிடம் அளித்தார்.

ஆங்கிலக் கள்வர் மொழிக்கு முன்னரே தொகுப்புகள் இருந்தன. பிரான்சிஸ் குரோஸின் கொச்சைமொழி அகராதி 1785-இல் வெளிவந்து பலமுறை பதிப்பிக்கப்பெற்றது. எனினும் குரோஸ் வெளியிலிருந்து கேட்டும் படித்தும் தொகுத்தவர். வாக்ஸ் அம்மொழியைத் தொழில்மொழியாகப் பேசியவர். ஆஸ்திரேலிய மண்ணிலிருந்து ஆங்கிலச் சொற்களுக்கு எழுந்த முதல் அகராதி இதுவே எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. அம்மண்ணின் பழங்குடி மொழிகளைத் தொகுக்கும் முயற்சி இதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. வில்லியம் டாஸ் 1790-91-இல் எழுதிய சிட்னி மொழிக் குறிப்பேடுகள் அதற்குச் சான்று.

4. சொற்றொகுதியின் மொழியியல் இயல்பு

தமிழ் இலக்கணத்தார் தகுதி வழக்கின் ஒரு வகையாகக் குழூஉக்குறியைக் கூறுவர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் நன்னூல் உரைகளில் காணப்படும் எடுத்துக்காட்டுகள். ஃபிளாஷ் மொழியையும் இவ்வகையில் அடக்கலாம். அதன் ஒலியமைப்பும் தொடரமைப்பும் ஆங்கிலத்தினின்றும் வேறுபட்டவையல்ல. பெயரும் வினையுமாகிய பொருட்சொற்கள் மட்டுமே மாற்றப்படுகின்றன. ஆக்க ஒட்டுகளும் ஆங்கிலத்தவையே. கைக்கடிகாரத்திற்கு அவர்கள் வழங்கிய பெயர் 'திம்பிள்'. தையற்காரர் விரலில் அணியும் உறைக்கு ஆங்கிலத்திலுள்ள பெயர் அது. ஒருவரிடமிருந்து கடிகாரத்தைக் களவாடுதல் 'அன்திம்பிள்' எனப்பட்டது. நீக்கப் பொருள் தரும் ஆங்கில முன்னொட்டு இங்கு இயல்பாகச் செயற்படுகிறது.

சொற்கள் அமையும் வழிகளுள் மூன்றைச் சுட்டலாம். முதலாவது உருவகம். ஏழாண்டோ அதற்கு மேலோ நாடுகடத்துதலைக் குறிக்கும் வினை 'லாக்'. வாழ்நாள் முழுவதற்கும் அனுப்பப்பட்டவன் 'மூச்சிற்காக' அனுப்பப்பட்டவன் எனப்பட்டான். மூச்சு உள்ளளவும் என்பது கருத்து. உடன் குற்றவாளிகளைக் காட்டிக்கொடுப்பவன் 'மூக்கு' எனப்பட்டான். இரண்டாவது எதிர்மறை இணை. நேர்மையான வாழ்வு 'ஸ்கொயர்', அதாவது சதுரம். நேர்மையற்றது 'கிராஸ்', அதாவது குறுக்கு. நேர்மையானவன் 'ஃபிளாட்', அதாவது தட்டை. ஏமாற்றத் தெரிந்தவன் 'ஷார்ப்', அதாவது கூர்மை. கள்வரும் அவர்களைச் சார்ந்தோரும் தம்மைக் 'குடும்பம்' என்றே அழைத்துக்கொண்டனர். சமூகம் தம்மைப் பிரித்துவைத்த கோட்டையே அவர்கள் தம் சொல்லமைப்பில் மறுபுறத்திலிருந்து வரைந்துள்ளனர்.

மூன்றாவது கடன் பெறுதல். கூட்டாளியைக் குறிக்கும் 'பேல்' என்ற சொல்லும், வண்டியைக் குறிக்கும் 'வார்டோ' என்ற சொல்லும் ரோமானி மொழியிலிருந்து வந்தவை. ரோமானி இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. 'சகோதரன்' என்னும் பொருளுடைய ரோமானிச் சொல்லிலிருந்து 'பேல்' பிறந்தது. அது வடமொழியின் 'பிராத்ரு' என்பதனோடு ஒரே வேரினது. இந்தியாவிலிருந்து நாடோடிகளாகச் சென்றோரின் உறவுச்சொல் ஒன்று, லண்டன் கள்வரிடம் தொழிற்கூட்டாளிக்குப் பெயராகி, ஆஸ்திரேலியா வரை சென்றிருக்கிறது.

வாக்ஸின் விளக்கங்கள் ஒருசொல் பொருளோடு நிற்பதில்லை. ஒரு சொல் பெயராக வரும்போதும் வினையாக வரும்போதும் எவ்வாறு பொருள் தருகிறது, யார் யாரிடம் எந்தச் சூழலில் வழங்குவர் என்பவற்றையும் தருகிறார். எடுத்துக்காட்டாக, 'பிளாண்ட்' என்பது மறைத்து வைத்தலையும், மறைத்த பொருளையும், மறைவிடத்தையும் குறிக்கும் எனப் பிரித்துக் காட்டுகிறார். இத்தகைய நுட்பம் அன்றைய கொச்சைமொழித் தொகுப்புகளில் அரிது.

5. தன்வரலாறும் அதன் நம்பகமும்

1814-இல் 'ஏர்ல் ஸ்பென்சர்' கப்பலில் ஒளிந்து தப்ப முயன்று பிடிபட்டு, கசையடி பெற்று மீண்டும் நியூகாசிலுக்கு அனுப்பப்பட்ட வாக்ஸ், அங்கு அடுத்து வந்த தலைமை அதிகாரியின் தூண்டுதலால் தன்வரலாற்றை எழுதினார். கையெழுத்துப்படி நீதிபதி பாரன் ஃபீல்டின் வழியாக லண்டன் சென்று, 1819-இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. சொற்றொகுதி அதன் பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டது. இவ்வாறு, ஏழாண்டுகளுக்கு முன் ஓர் அதிகாரிக்கென எழுதப்பட்ட தொகுதி பொதுமக்கள் கைக்கு வந்தது.

நற்குடியில் அன்புடன் வளர்க்கப்பட்டு, கூடா நட்பாலும் சூதாலும் வழுவியவராகத் தன்வரலாறு அவரைக் காட்டுகிறது. கதை சுவையானது, காட்சிகள் கண்முன் நிற்பவை. இதனை எவ்வாறு படிப்பது என்பதற்கு அவருடைய சொற்றொகுதியே வழிகாட்டுகிறது. 'யார்ன்' என்ற சொல்லுக்கு நூற்ற இழை என்பது நேர்பொருள். கள்வர் தம் சாகசங்களையும் தப்பித்தல்களையும் ஒருவருக்கொருவர் கதையாகக் கூறுதலை அது குறித்தது. சிறையிலும் நாடுகடத்தப்பட்ட இடத்திலும் உள்ளோர் சலிப்புப் போக்கப் பெரிதும் விரும்புவது இது என்கிறார் வாக்ஸ். சொல்வன்மையால் பிறரை வசப்படுத்த முயல்வதற்கும் அச்சொல் பயின்றது எனவும் சேர்க்கிறார். நியூகாசிலில், தண்டனைக் குறைப்பை எதிர்நோக்கிய ஒரு கைதி, அதிகாரியின் விருப்பத்திற்காக எழுதிய கதைக்கு இதனினும் பொருத்தமான வரையறை இல்லை.

நூல் வெளிவந்தபின் நிகழ்ந்தவற்றை அரசு ஆவணங்கள் மட்டுமே கூறுகின்றன. 1818-இல் நியூகாசிலில் பிரான்சிஸ் ஷார்க்கி என்பவரை மணந்திருந்த வாக்ஸுக்கு 1820-இல் நிபந்தனையுடன் கூடிய மன்னிப்பு வழங்கப்பட்டது. குடியேற்றத்தை விட்டு வெளியேறக் கூடாது என்பது நிபந்தனை. குடியேற்றச் செயலாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். ஆளுநர் டார்லிங் 1826-இல் கைதிகளாயிருந்தோரை அத்தகைய பணிகளிலிருந்து விலக்கியபோது வேலை இழந்தார். 1827-இல் எலினர் பேட்மன் என்பவரை மணந்தார். 1829-இல் நிபந்தனையை மீறித் தப்பிச் சென்று, 1830-இல் டப்ளினில் கள்ள நோட்டு மாற்றியதாகப் பிடிபட்டார். இம்முறை பெயர் ஜேம்ஸ் யங். மரண தண்டனை ஏழாண்டு நாடுகடத்தலாகக் குறைக்கப்பட, 'வாட்டர்லூ' கப்பலில் 1831-இல் மூன்றாம் முறையாகச் சிட்னி வந்து சேர்ந்தார். அங்கு அடையாளம் காணப்பட்டதால் பழைய வாழ்நாள் தண்டனை உயிர் பெற்று, போர்ட் மக்குவாரிக்கு அனுப்பப்பட்டார். 1837-இல் சிட்னி திரும்பி எழுத்தர் பணியில் அமர்ந்தார். 1839-இல் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் தகாத முறையில் நடந்த குற்றத்திற்காக இரண்டாண்டுக் கடுங்காவல் பெற்றார். 1841-இல் விடுதலையானதுடன் அவரைப் பற்றிய பதிவுகள் நின்றுவிடுகின்றன.

இறுதிக் குற்றம், வாக்ஸை வேடிக்கையான வழிதவறியவராக மட்டும் சித்திரிக்கும் போக்கிற்கு இடந்தருவதில்லை. திருட்டுகளை விரிவாகப் பேசும் நூல் கையிலிருப்பதால் அவருடைய குரலே எங்கும் ஒலிக்கிறது. அச்சிறுமியின் சொல் எங்கும் அச்சேறவில்லை. ஒருவரது வாழ்க்கையைத் தேடுவோர் எழுதத் தெரிந்தவரின் பக்கமே சாயும் இடர்ப்பாட்டிற்கு இது சான்றாகும்.

அவ்வாறாயின் சொற்றொகுதியை நம்புவது எவ்வாறு? இங்கு நோக்கம் வேறு. தன்வரலாற்றில் படிப்போரின் இரக்கத்தைப் பெறுவதே பயன். அதற்குப் புனைவு உதவும். சொற்றொகுதியோ வழக்கு மன்றத்தில் சோதிக்கப்படக்கூடியது. தவறான பொருள் கூறின் மறுநாளே ஒரு சாட்சியின் வாயால் அது வெளிப்பட்டுவிடும். மேலும் அவர் தரும் பொருள்களைக் குரோஸின் தொகுப்போடும் பிற்கால வழக்காறுகளோடும் ஒப்பிட்டுப் பார்க்க இயலும். தகவலாளியின் நேர்மையை அன்றி, ஒவ்வொரு தகவலையும் எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம் என்பதையே களஆய்வாளர் நோக்க வேண்டும் என்பதற்கு இத்தொகுதி நல்ல எடுத்துக்காட்டு.

6. சிறைச்சொல் நாட்டுச்சொல்லானமை

டெஞ்ச் விரும்பியவாறு ஃபிளாஷ் மொழி ஒழியவில்லை. 1829-இல் எட்வர்டு கிப்பன் வேக்ஃபீல்டு, லண்டன் நியூகேட் சிறையிலிருந்தபடியே சிட்னிவாசி எழுதியதுபோல் வெளியிட்ட நூலில், கள்வர் சொற்கள் சிறை தொடங்கி ஆளுநர் மாளிகை வரை, நீதிமன்றங்கள் உட்பட, எங்கும் வழங்குவதாக எள்ளலுடன் எழுதினார். அதில் மிகையுண்டு, எனினும் சொற்களின் போக்கு அதனை ஓரளவு உறுதி செய்கிறது.

'ஸ்வாக்' என்பது வாக்ஸின் தொகுதியில் மூட்டை. சிறப்பாகக் களவாடிய பொருள். ஆஸ்திரேலியாவில் களவுப்பொருள் நீங்கி, வேலை தேடி ஊரூராக நடக்கும் தொழிலாளியின் தோள்மூட்டை என்பதே முதன்மைப் பொருளாயிற்று. அம்மூட்டையைச் சுமப்பவனே 'ஸ்வாக்மன்'. 1895-இல் பேட்டர்சன் எழுதிய புகழ்பெற்ற பாடலின் நாயகன் அவனே. 'சம்' என்பது சிறையிலோ பழங்கப்பலிலோ உடனிருப்பவன். அண்மையில் அடைக்கப்பட்டவன் 'நியூ சம்'. பின்னர் இத்தொடர் தன் விருப்பத்தால் குடியேறிய புதியவர் அனைவரையும் குறிக்கலாயிற்று. காவலரைக் குறித்த 'டிராப்ஸ்', 1850-களில் தங்க வயல்களில் பெருவழக்காயிற்று. மக்கள் திரளைக் குறித்த 'புஷ்', அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் சிட்னித் தெருக்களின் இளைஞர் கும்பல்களுக்குப் பெயராயிற்று. 'யார்ன்' உலக ஆங்கிலத்திலேயே நிலைபெற்றது.

இம்மாற்றங்களில் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. குற்றச்சார்பான பொருட்கூறு உதிர்ந்து, பொதுக்கூறு நிலைக்கிறது: களவு நீங்கி மூட்டை எஞ்சியது, சிறை நீங்கிப் புதுவரவு எஞ்சியது. கைதிகளும் அவர்தம் மக்களும் பொதுச்சமூகமாக மாறிய வரலாறு இப்பொருள் மாற்றங்களில் சுருங்கக் கிடக்கிறது. மறைப்பதற்கென அமைந்த குழூஉக்குறி, அதைப் பேசிய குழுவே நாட்டின் பெரும்பகுதியானபோது, மறைக்கும் தொழிலை இழந்து பொதுமொழியாயிற்று.

இச்சொற்களைத் தமிழாக்குவோர் அவை எடுத்தாளப்படும் காலத்தை முதலில் நோக்க வேண்டும். 1812-ஆம் ஆண்டுச் சூழலில் 'ஸ்வாக்' திருட்டுமூட்டை. 1895-ஆம் ஆண்டுச் சூழலில் அது வழிநடையாளன் மூட்டை. 'நியூ சம்' முதலில் புதுக்கைதி, பின்னர் புதுக்குடியேறி. ஒரே தமிழ்ச்சொல்லை இரு காலத்திற்கும் வைப்பின் வரலாறே மறைந்துபோம்.

7. முடிவுரை

வாக்ஸ் தம் தொகுதியில் 'ஸ்னிட்ச்' என்ற சொல்லுக்கு, கூட்டாளிகளைக் காட்டிக்கொடுப்பவன் என்று பொருள் தருகிறார். 'குடும்பத்தார்' மறைத்துப் பேசியவற்றை அவர்களை விசாரிக்கும் அதிகாரிக்கு விளக்கி எழுதிய அவருக்கும் அப்பெயர் பொருந்தும். அதே செயலே அச்சொற்களை அழியாமலும் காத்தது. ஆஸ்திரேலிய ஆங்கிலத்தின் வரலாற்றை ஆராய்வோர்க்கு அத்தொகுதி இன்றியமையாத சான்றாக விளங்குகிறது. குழுமொழி ஒன்றைப் பதிவு செய்வோரும் மொழிபெயர்ப்போரும் யாருடைய பயனுக்காக அதனைச் செய்கின்றனர் என்னும் வினா, ஸ்காட்டோவிற்கான காணிக்கையுரையிலேயே எழுந்துவிடுகிறது.

மூன்று கப்பல்களில் வாக்ஸ், லோ, யங் என மூன்று பெயர்களில் பதியப்பட்டவரின் வாழ்க்கையை ஆவணங்கள் 1841 வரை தொடர்கின்றன. அவர் தொகுத்த சொற்களுள் பல, சிறையின் நிழல் நீங்கி, இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் மக்கள் வழக்கில் உள்ளன.